நான்காம் மாடிக் குளம்

அம்மாவின் கட்டிலை வாடகைக்குக் கொடுத்தவர்கள் வந்து திரும்ப எடுத்துக்கொண்டு போன பிறகு, ஷரோல்டாவின் கூடத்தில் ஒரு சுவர் சும்மா கிடந்தது. ஏற்றி இறக்கும் கைப்பிடியும் சக்கரங்களும் வைத்த கனத்த இரும்புக் கட்டில் அது. மூன்று வருஷம் ஒரே இடத்தில் நின்றதில் தரைவிரிப்பில் நான்கு குழிகள் விழுந்திருந்தன. ஷரோல்டா அந்தப் பக்கம் பார்க்காமல் சமையலறைக்குப் போவதும் வருவதுமாக ஒரு கோடைகாலத்தை ஓட்டினாள்.

மிஷ்கோல்ட்ஸ் நகரத்தில் அவாஷ் குன்றின் மேல் இருக்கும் அடுக்குமாடிகளில் ஒன்றில், நான்காவது மாடியில் அவள் வீடு. ஐம்பத்தாறு வயது. கீழே பள்ளிக்கூட உணவுக்கூடத்தில் சமையல்காரி. புருஷன் என்று ஒருத்தர் இருந்தார். வேலைக்கென்று ஆஸ்திரியாவுக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். அது பழைய கதை, அதைப் பற்றி அவள் அலட்டிக்கொள்வதில்லை. அடுப்புக்கு மேலே ஓடும் புகைவிசிறியின் இரைச்சலுக்கு ஈடுகொடுத்தே அவள் குரல் கனத்துப்போயிருந்தது. பள்ளிக்கூடத்தில் அந்தக் குரலைக் கேட்டுப் பிள்ளைகள் கீரைக்கூட்டை மறுபேச்சில்லாமல் விழுங்குவார்கள். வீட்டுக்கு வந்தால் அதே குரலுக்கு வேலை இல்லாமல் போயிருந்தது.

மறதி நோய் பிடித்த அம்மாவை ஏழு வருஷம் அவள் பார்த்துக்கொண்டாள். அதில் கடைசி மூன்று வருஷம் படுக்கையில். அம்மாவுக்கு நடமாட்டம் இருந்த காலத்தில் ஒருமுறை பல் வைத்தியரிடம் கூட்டிப் போக வேண்டியிருந்தது. காத்திருக்கும் அறையில் ஒரு மீன்தொட்டி. அடர்ந்த பச்சைச் செடிகளுக்கு நடுவே சிவப்பும் நீலமுமாகப் பொடி மீன்கள். எந்த இடத்திலும் ஒரு நிமிஷம் உட்காராத அம்மா அன்றைக்கு வாயைப் பிளந்துகொண்டு அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அதைவிட ஆச்சரியம், ஷரோல்டாவே அப்படி உட்கார்ந்திருந்தாள். உள்ளே கூப்பிட்டபோது, தோளிலிருந்து யாரோ மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது அவளுக்கு. அந்த வருஷத்தில் அவள் எடுத்துக்கொண்ட விடுமுறை அந்த முக்கால் மணி நேரம்தான்.

அதனால், காலிச் சுவருக்கு என்ன வாங்கலாம் என்று அக்கா பிரி கேட்டபோது, பதில் அவளுக்குள் முன்னமே இருந்திருக்க வேண்டும்.

"நல்ல அலமாரியா ஒண்ணு வாங்குடி ஷாரி. சாமான் எல்லாம் இறைஞ்சு கிடக்கு."

"மீன்தொட்டி வாங்கப் போறேன்."

பிரி காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "மீனா? பகல் முழுக்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்குக் கொட்டுற. ஏழு வருஷம் அம்மாவுக்கு ஊட்டின. இன்னும் வாய் வேணுமா உனக்கு?"

"இதுங்க உப்பு கம்மின்னு சொல்லாது பிரிக்கா."

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை தொட்டி வந்தது. கடைக்காரர் ஆகோஷும் அவருடைய மச்சானும் தூக்கி வந்தார்கள். ஆகோஷ் முப்பதைத் தாண்டிய ஒல்லி மனிதர், எதையும் மெதுவாகப் பேசுகிறவர். மின்தூக்கிக்குள் தொட்டி நுழையவில்லை. படியில்தான் ஏற்ற வேண்டும் என்று ஆனது. மூன்றாவது மாடித் திருப்பத்தில் அவர்கள் மூச்சு வாங்க நின்றபோது எதிர்க் கதவு திறந்தது. பனியனும் செருப்புமாக யெனோ நின்றார்.

யெனோ இரும்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ப் பல வருஷம் ஆகிறது. ஷரோல்டாவின் வீட்டுக்கு நேர் கீழே அவர் வீடு.

"இது என்னது?"

"மீன்தொட்டி ஐயா," என்றார் ஆகோஷ். "கொஞ்சம் வழி விட்டீங்கன்னா..."

"எத்தனை லிட்டர்?"

"இருநூறு பிடிக்கும்."

"இருநூறு லிட்டர். என் தலைக்கு மேல." யெனோ கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார். "உங்க வீட்டுத் தண்ணில நான் ஒரு தடவ குளிச்சாச்சு மேல்வீட்டம்மா. இப்ப மீனோட குளிக்கணுமா?"

தொட்டியின் மூடியைச் சுமந்துகொண்டு பின்னால் வந்த ஷரோல்டா, "நகருங்க. அவங்களுக்குக் கை வலிக்குது," என்றாள்.

ஆறு வருஷத்தில் அவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தைகள் அவை. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மதியம், அவள் வேலைக்குப் போயிருந்த நேரம், அம்மா குளியல்தொட்டிக் குழாயைத் திறந்துவிட்டு மறந்துபோனாள். தண்ணீர் கீழே இறங்கியது. யெனோ மேலே வந்து, படிக்கட்டில் அக்கம்பக்கம் எல்லாம் கேட்கும்படி அம்மாவைப் பார்த்துக் கத்தினார். ஷரோல்டா வேலையிலிருந்து திரும்பியபோது அம்மா கதவோரத்தில் ஈரச் செருப்போடு அழுதுகொண்டிருந்தாள். எதற்கு அழுகிறோம் என்பது அதற்குள் அவளுக்கு மறந்துபோயிருந்தது. அழுகை மட்டும் மிச்சம் இருந்தது. அன்றிலிருந்து யெனோவைப் பார்த்தால் ஷரோல்டா தலையை மட்டும் அசைப்பாள், அதுவும் தவிர்க்க முடியாத இடத்தில்.

தொட்டியை ஸ்டாண்டின் மேல் ஏற்றிவிட்டு ஆகோஷ் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. இப்போது சட்டை போட்டிருந்தார் யெனோ. கையில் ரசமட்டம்.

"நான் பாக்கணும்," என்றார். "எனக்கு உரிமை இருக்கு."

ஷரோல்டா ஒதுங்கி நின்றாள். அவர் ஸ்டாண்டின் மேல் ரசமட்டத்தை வைத்தார். குமிழி ஒரு பக்கமாக ஓடியது. "தரை சாய்ஞ்சிருக்கு. இந்தக் கட்டடத்துல எல்லா வீடும் இப்படித்தான். இப்படியே தண்ணி ஊத்தினா ஒரு மூலையில பாரம் ஏறி ஒரு நாள் கண்ணாடி விடும்." கீழே போய் ரப்பர் தகடுகளை வெட்டி எடுத்துக்கொண்டு வந்தார். மண்டியிட்டு ஒவ்வொரு காலுக்கும் அடியில் தகட்டைச் செருகும்போது அவர் முழங்கால் நெரிந்த சத்தம் வெளியே கேட்டது. தரைவிரிப்பில் இருந்த கட்டில் குழிகளை அவர் பார்த்தார். அவற்றின் மேல் கையை வைத்தது போலவும் இருந்தது, ஊன்றிக்கொள்வதற்காக இருக்கலாம். குமிழி நடுவில் வந்து நின்றதும் எழுந்து போய்விட்டார். அவள் நன்றி சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தொட்டிக்கே சரியாகப் போயிற்று. ஆற்று மணலைக் குளியலறையில் கொட்டி, அரிசி களைவது போலக் கையை விட்டுக் கலக்கிக் கலக்கிக் கழுவினாள். கலங்கல் போகவே மத்தியானம் ஆகிவிட்டது. வேர்க்கட்டை ஒன்றை ஆகோஷ் கொடுத்திருந்தார். அதை வேகவைத்துத்தான் போட வேண்டுமாம். பள்ளிக்கூடத்திலிருந்து கழித்துப்போட்ட பெரிய அண்டா அவளிடம் இருந்தது நல்லதாயிற்று. கட்டை கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் கடுங்காபி நிறத்துக்கு மாறியது. வீடு முழுக்க மழை நாள் காட்டின் வாசனை. தண்ணீரை மாற்றி மாற்றி வேகவைத்த பிறகும் கட்டை மிதந்தது. அதை ஒரு பலகைக் கல்லோடு சேர்த்துக் கட்டினாள்.

செடிகள் ஈரக் காகிதத்தில் சுற்றி வந்திருந்தன. நாடா நாடாவாக நீளும் வாலிஸ்நேரியா. கட்டையில் நூலால் கட்டிவிட வேண்டிய ஜாவா பெரணி, அதன் வேர்த்தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும். அப்புறம் கிரிப்டோ என்று ஆகோஷ் செல்லமாகச் சொல்லும், பழுப்பும் பச்சையுமான அலை அலையான இலைக் கொத்துகள். உயரமானவற்றைப் பின்னாலும் குட்டையானவற்றை முன்னாலும் நட்டாள். கால்வாசி தண்ணீரில் முழங்கை வரை கையை விட்டு, நீளமான இடுக்கியால் வேரைப் பிடித்து மணலுக்குள் செருகினாள். கையை எடுத்தால் செடியும் கூடவே மேலே வந்தது. திரும்பச் செருகினாள். நூடுல்ஸ் மாவு பிசையப் பழகிய விரல்களுக்கு இந்த நாசூக்கு பிடிபடவே நேரம் எடுத்தது. மீதித் தண்ணீரை ஊற்றும்போது மணல் கிளம்பாமல் இருக்க, அடியில் ஒரு தட்டை வைத்து அதன் மேல் ஊற்றினாள். விளக்கைப் போட்டு, ஃபில்டரை ஓடவிட்டு, ஹீட்டரை இருபத்தைந்து டிகிரியில் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பச்சைத் தழைகள் நீரோட்டத்தில் லேசாகச் சாய்ந்தன. மீன் ஒன்றுகூட இல்லை. ஆகோஷ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: ஒரு மாசத்துக்கு மீன் கிடையாது.

"ஏன் தம்பி, தண்ணி சுத்தமாத்தானே இருக்கு?"

"அதான்மா பிரச்சனை. ரொம்ப சுத்தமா இருக்கு. மீனோட கழிவைத் தின்னுற பூச்சி கண்ணுக்குத் தெரியாம மணல்ல பெருகணும். அதுக்கு முந்தி மீனை விட்டா செத்துடும்."

இது அவளுக்குச் சட்டென்று புரிந்தது. ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் பீப்பாயில் முட்டைக்கோஸைப் புளிக்க வைக்கிறவள் அவள். மூடி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டிருப்பதுதான் அதில் பாதி வேலை.

ஆனால் முட்டைக்கோஸ் இந்தப் பாடு படுத்தியதில்லை. அடுத்த வாரமே தொட்டித் தண்ணீர் பால் போல வெளுத்தது. அது தெளிவதற்குள் கிரிப்டோவின் இலைகள் ஓட்டை விழுந்து, கூழாகி, ஒவ்வொன்றாகக் கரைந்து போயின. பாடுபட்டு நட்ட கொத்துகள் இருந்த இடத்தில் மொட்டைக் குச்சிகள் நின்றன. பிணம் போலக் கிடந்த இலைகளை உறிஞ்சுகுழாயால் எடுத்துக் கழிவறையில் கொட்டும்போது, தன் கைக்கு இனி ராசியே இல்லையோ என்று அவளுக்குத் தோன்றியது. ஆகோஷைக் கேட்டால், "பிடுங்காதீங்கம்மா. வேர் உயிரோடதான் இருக்கும். புது இடம் அதுக்குப் பிடிபடணும்," என்றார். வியாபாரி வேறு என்ன சொல்வார் என்று நினைத்துக்கொண்டாள்.

சரியாக அந்த நேரம் பார்த்து எல்லாப் புனிதர் நாள் வந்தது. கல்லறையில் அம்மாவுக்கு மெழுகுவத்தி ஏற்றி, சாமந்திப்பூ வைத்துவிட்டு, பிரியும் அவள் புருஷனும் இன்னும் சில சொந்தக்காரர்களும் காபிக்கு வீட்டுக்கு வந்தார்கள். எல்லாரும் மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் தொட்டி முன்னால் கூடினார்கள்.

"மீன் எங்க ஒளிஞ்சிருக்கு?" என்றார் பிரியின் புருஷன்.

"இன்னும் விடல."

"அப்ப இது என்ன?"

"தண்ணி."

"தண்ணிய விளக்குப் போட்டுப் பாக்குறியா ஷாரி?" அவர் கண்ணாடியில் மூக்கை ஒட்டினார். "ஒரு நத்தை இருக்குப்பா. நான் பாத்தேன். எல்லாரும் வாங்க, நத்தை இருக்கு."

செடியோடு ஒட்டிக்கொண்டு வந்த நத்தை அது. எல்லாரும் சிரித்தார்கள். ஷரோல்டாவும் சிரித்தாள். அவர்கள் போன பிறகு கோப்பைகளைக் கழுவும்போது, அலமாரியே வாங்கியிருக்கலாம் என்று நினைத்தாள்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் யெனோ ரசமட்டத்தோடு வந்தார். "என் வீட்டுக் கூரைப் பரிசோதனை," என்பார். குமிழியைப் பார்ப்பார், கண்ணாடி ஒட்டுகளில் விரலை ஓட்டி ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு கிளம்பாமல் அங்கேயே நிற்பார். காபி குடிக்கிறீர்களா என்று அவள் கேட்டதில்லை. அவரும் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. நவம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை அவர் வழக்கம்போல நின்றுகொண்டிருந்தபோது, "இது முந்தி இல்லையே," என்றார்.

ஷரோல்டா குனிந்து பார்த்தாள். மொட்டைக் குச்சி ஒன்றின் அடியிலிருந்து, சுருட்டிய காகிதம் போல, செம்பழுப்பு நிறத்தில் ஓர் இலை எட்டிப்பார்த்தது. பக்கத்துக் குச்சியிலும் ஒன்று. அதற்கும் பக்கத்தில். அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். யெனோவுக்கு அது ஏன் என்று தெரியாது. தான் ஏதோ பெரிய குறையைக் கண்டுபிடித்துவிட்டதாக எண்ணி, "பிடுங்கிப் போட்டுடலாமா?" என்று கேட்டார்.

"தொட்டா கையை உடைச்சிடுவேன்," என்றாள் ஷரோல்டா, பள்ளிக்கூடக் குரலில்.

மாசக் கடைசியில் மீன்கள் வந்தன. சிவப்பும் நீலமுமாக மின்னும் ஒரு கூட்டம் நியான் டெட்ராக்கள், அப்புறம் மணலை மோந்துகொண்டே திரியும் மீசை வைத்த குட்டிக் கெளுத்திகள். பையோடு தண்ணீரில் மிதக்கவிட்டு, வெதுவெதுப்பு ஒன்றான பிறகு திறந்தாள். டெட்ராக்கள் செடிகளுக்குள் ஓடி ஒளிந்தன. கெளுத்திகள் ஒளியவில்லை. நேரே அடிக்குப் போய், வாடகை வீட்டைச் சுற்றிப் பார்க்கிறவர்கள் போல மூலை மூலையாக ஆராய்ந்தன. அதற்குப் பிறகு யெனோவின் பரிசோதனை நீண்டுகொண்டே போயிற்று. அவருக்குக் கெளுத்திகளைத்தான் பிடித்தது. "அதுங்க பாட்டுக்கு வேலையப் பாக்குது. மேல இருக்கிறதுங்க சும்மா மினுக்கிட்டுத் திரியுது," என்றார். ஷரோல்டா ஒரு முக்காலியை எடுத்துவந்து அவர் பக்கமாகக் காலால் தள்ளினாள். அவ்வளவுதான். காபி இன்னும் இல்லை.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை மாலை உறைமழை பிடித்துக்கொண்டது. விழுகிற இடத்திலேயே கண்ணாடியாக உறைகிற மழை. ஞாயிறு காலையில் குன்று முழுக்க மரக்கிளைகள் ஒடிந்து கிடந்தன. எங்கோ மின்கம்பிகள் அறுந்திருக்க வேண்டும். காபி போட்டுக்கொண்டிருந்த ஷரோல்டாவுக்கு முதலில் கேட்டது ஒரு நிசப்தம். ஃபில்டர் நின்றிருந்தது. விளக்கும் இல்லை. கொஞ்ச நேரத்தில் வீட்டைச் சூடேற்றும் வெந்நீர்க் குழாய்களும் ஜில்லிட்டன. வெந்நீரைத் தள்ளும் இயந்திரமும் மின்சாரத்தில்தானே ஓடுகிறது.

ஆகோஷுக்குப் போன் போட்டாள்.

"தொட்டியப் போர்த்தி வைங்கம்மா. சாப்பாடு போடாதீங்க. குவளையால தண்ணிய மொண்டு மொண்டு மேலேருந்து ஊத்திட்டே இருங்க, காத்து உள்ள போகணும். வெந்நீரை நேரா ஊத்திடாதீங்க. பாட்டில்ல அடைச்சு மிதக்க விடுங்க."

அம்மாவின் இறகு மெத்தையைப் போர்வையாக்கி மூன்று பக்கமும் சுற்றினாள். ஆனால் வெந்நீருக்கு எங்கே போவது? ஒருமுறை அம்மா அடுப்பைப் பற்றவைக்காமலே எரிவாயுவைத் திறந்துவிட்டதிலிருந்து, குழாயை அடைக்கச் சொல்லி மின்சார அடுப்புக்கு மாறியிருந்தாள். வெப்பமானி இருபத்துமூன்றுக்கு இறங்கியது. மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு குவளையால் மொண்டு ஊற்றியபடி, மற்ற மாடிகளில் யார் யார் இருக்கிறார்கள் என்று யோசித்தாள். மேலே இருக்கிற தம்பதி பிள்ளைகளைப் பார்க்க வெளியூர் போயிருந்தார்கள். எதிர்வீட்டில் மின்சார அடுப்பு. இருபத்திரண்டு. அவள் எழுந்து கீழே போனாள்.

கதவைத் திறந்த யெனோவின் முகம் மாறியது. "ஒழுகுதா?"

"ஒழுகல. கரண்ட் இல்ல. மீனுக்குக் குளிருது. உங்க கேஸ் அடுப்பு வேணும்."

"கெளுத்திக்குமா?"

"எல்லாத்துக்கும்தான்."

அவர் வேறொன்றும் கேட்காமல் உள்ளே போய், வீட்டில் இருந்த பாத்திரத்தையெல்லாம் எடுத்து அடுப்பில் ஏற்றினார். ஷரோல்டா மேலே ஓடி, பழம் பதப்படுத்தும் கண்ணாடி ஜாடிகளைக் கூடையில் அள்ளி வந்தாள். தண்ணீர் சுட்டதும் ஜாடிகளில் ஊற்றி, மூடியை இறுக்கி, துண்டில் சுற்றினாள். யெனோ கூடையைப் பிடித்தார்.

"நான் ஏறுறேன்."

"உங்க முழங்காலோடவா? அடுப்பப் பாருங்க நீங்க."

"என் முழங்காலப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

"மண்டி போடும்போது கட்டடமே கேட்டுச்சு."

அவள்தான் ஏறினாள். ஜாடிகள் பாதி மூழ்கி மிதந்தன. ஆறியதை எடுத்துக்கொண்டு இறங்கி, சுட்டதை எடுத்துக்கொண்டு ஏறினாள். இரண்டு மூன்று நடைக்குப் பிறகு வெப்பமானி இருபத்தொன்றில் நின்றுகொண்டது, அதற்குக் கீழே போகவில்லை. அடுத்த பாத்திரம் சுடும் வரை அவள் யெனோவின் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். அடுப்புச் சூடு முகத்தில் பட்டது. அண்ணாந்து பார்த்தாள். கூரையில் மஞ்சளும் பழுப்புமாக, ஓரம் கருத்த பெரிய கறை. ஆறு வருஷத்துக் கறை.

அத்தனை வருஷமாக மனசுக்குள் வேறு வேறு விதமாகக் கேட்டுப் பார்த்திருந்த கேள்வி, சாதாரணமாக வெளியே வந்தது. "அன்னைக்கு ஏன் அப்படிக் கத்துனீங்க எங்கம்மாவப் பாத்து?"

யெனோ பாத்திரத்துக்குள் பார்த்தபடி யோசித்தார். "பெயிண்ட் புதுசு," என்றார். "முந்தின வாரம்தான் அடிச்சு முடிச்சேன். கோவம் வந்துச்சு. வேற காரணம் ஒண்ணும் இல்ல."

அவள் இதற்குத் தயாராக இல்லை. ஆறு வருஷத்தில் அந்த மனிதருக்குள் எவ்வளவோ வன்மத்தை அவள் வைத்துப் பார்த்திருந்தாள். பெயிண்ட் அதில் இல்லை.

"அவங்களுக்கு அப்பவே மறதி வந்துடுச்சு," என்றாள். "உங்களுக்குத் தெரியாது."

"மறுநாளே தெரிஞ்சுது. கீழ வந்தாங்களே."

"யாரு?"

"உங்கம்மா." யெனோ திரும்பினார். "உங்களுக்குத் தெரியாதா? ஒரு தட்டு நிறைய பொகாச்சா கொண்டு வந்தாங்க. நேத்து தண்ணி விட்டதுக்கு மன்னிக்கணும்னு சொன்னாங்க. எனக்கு வெக்கமாப் போச்சு. உக்கார வெச்சு காபி குடுத்தேன். நீங்க வேலைல இருந்தீங்க."

தான் உப்பும் சீஸும் போட்டுச் சுட்டு வைத்த பொகாச்சா பன்கள் ஒருநாள் காணாமல் போனதும், அம்மா ஒரே மூச்சில் தின்றுவிட்டாள் என்று பயந்ததும் ஷரோல்டாவுக்கு ஞாபகம் வந்தது.

"அதோட முடியல," என்றார் யெனோ. "ரெண்டு நாள் கழிச்சுத் திரும்ப வந்தாங்க. நேத்து தண்ணி விட்டதுக்கு மன்னிக்கணும்னு. கையில ஒரு ஆப்பிள். அப்புறம் அடுத்த வாரம். அந்த வருஷம் முழுக்க வந்தாங்க மேல்வீட்டம்மா. தோணுற நேரத்துல வருவாங்க. ஒரு தடவ வெறும் தட்டு கொண்டு வந்தாங்க. தட்டுல எதுவோ இருக்குன்னு நினைச்சிருக்காங்க."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"வாங்கிக்கிட்டேன். ரொம்ப நல்லாருக்குன்னேன். வேற என்ன பண்றது? ஒவ்வொரு தடவையும் பரவால்ல, ஒண்ணும் ஆகலன்னு சொல்லுவேன். அவங்க மேல பாத்து, 'அய்யோ, இவ்வளவு பெரிய கறையா'ம்பாங்க. அப்புறம் காபி." அவர் தோளைக் குலுக்கினார். "நடுவுல ஒரு தடவ வெள்ளை அடிக்கலாம்னு டப்பா வாங்கி வெச்சேன். அப்புறம் யோசிச்சேன், அவங்க வந்து மேல பாத்தா கறை இருக்காது. எதுக்கு வந்தோம்னு தெரியாம நடுவீட்டுல நிப்பாங்க. சரி கிடக்கட்டும்னு விட்டுட்டேன். பின்னாடி நீங்க கதவுக்குப் பூட்டு போட்டீங்க. அவங்க வரல."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"எப்ப சொல்றது? என்னைப் பாத்தா நீங்க அஞ்சலட்டைப் படம் மாதிரி வாயத் திறக்காமல்ல நிப்பீங்க."

பாத்திரம் கொதித்தது. ஷரோல்டா எழுந்து ஜாடிகளை நிரப்பினாள். மேலே போய் ஜாடிகளை மிதக்கவிட்டு, மெத்தையின் ஒரு முனையை விலக்கி உள்ளே பார்த்தாள். மங்கலான பகல் வெளிச்சத்தில் டெட்ராக்கள் நிறம் வெளிறி, நாடாச் செடிகளின் நடுவே ஒன்றோடொன்று நெருங்கி நின்றன. அவள் குவளையால் மொண்டு ஊற்ற ஆரம்பித்தாள். மொள்வதும் ஊற்றுவதுமாக இருக்கும்போது கண்ணீர் வந்தது. துடைக்கக் கை ஒழியவில்லை, அதனால் அது பாட்டுக்கு வழிந்தது. அம்மாவின் அந்த வருஷங்கள் முழுக்கத் தன் கையில்தான் இருந்தன என்று அவள் எண்ணியிருந்தாள். ஒவ்வொரு மாத்திரையும், ஒவ்வொரு கரண்டியும், ஒவ்வொரு அழுகையும். அதில் தனக்குத் தெரியாத ஒரு மூலை இருந்திருக்கிறது. அங்கே அம்மா விருந்தாளியாகப் போய், காபி குடித்து, மன்னிப்பு வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறாள்.

பிற்பகல் மூன்று மணிவாக்கில் ஃபில்டர் தானாகவே முனக ஆரம்பித்தது. யெனோ கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறி வந்து சேர்ந்தார். இருவரும் மெத்தையை அவிழ்த்தார்கள். ஒரு டெட்ரா மட்டும் பெரணிக்குள் சிக்கிச் செத்திருந்தது. மற்றவை எல்லாம் இருந்தன. கெளுத்திகள் எப்போதும்போல மணலைக் கிளறிக்கொண்டிருந்தன.

"நான் சொன்னேன்ல," என்றார் யெனோ, என்ன சொன்னார் என்று தெரியவில்லை.

ஷரோல்டா காபி வைத்தாள். பிறகு, கொஞ்சம் யோசித்துவிட்டு, சமையலறை அலமாரிக்குப் பின்னாலிருந்து, பிளம்ஸ் பழத்தில் காய்ச்சிய பாலின்காச் சாராயப் பாட்டிலை எடுத்து இரண்டு சின்னக் கிளாஸில் ஊற்றினாள். 'நீங்க'வை விட்டு 'நீ'க்கு மாறலாம் என்று அந்த ஊரில் பெண்பிள்ளைதான் முதலில் சொல்ல வேண்டும், அதனால் அவளே சொன்னாள்.

"நான் ஷரோல்டா. வீட்டுல ஷாரி. இனிமே நீ வா போன்னே பேசிக்கலாம்."

"யெனோ," என்றார் அவர், அவளுக்கு அது தெரியாதது போல. கிளாஸை மோதிக் குடித்தார்கள். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "என்ன இது, ஷாரி, இரும்ப உருக்குறதா?"

"ஏன், உனக்கு அந்த வேலை பழக்கம்தானே?"

அந்த வாரம் புதன்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும்போது தொட்டியின் முன்பக்கக் கண்ணாடியில் ஜவ்வரிசி ஒட்டியது போலச் சின்னச் சின்ன உருண்டைகள் தெரிந்தன. நத்தையின் வேலை என்று நினைத்துச் சுரண்டப் போனவள், கெளுத்தி ஒன்று வயிற்றைக் கண்ணாடியில் ஒட்டி இன்னும் ஒன்றை வைப்பதைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டாள். ஆகோஷ் போனில் சிரித்தார். தண்ணீர் திடீரென்று குளிர்ந்தால் அவற்றின் ஊரில் மழைக்காலம் வந்ததாக அர்த்தமாம். முட்டையிட அதுதான் சமயமாம். "ஆனா ஆசை வெக்காதீங்கம்மா. மத்த மீனெல்லாம் தின்னுடும்." முப்பது வருஷ வேலையில் முதல்முறையாக அன்றைக்கு ஷரோல்டா தாமதமாகப் போனாள். பிள்ளைகளுக்குப் பருப்பு சூப் கொஞ்சம் கெட்டியாகிவிட்டது.

ஆகோஷ் சொன்னது போலவே ஆயிற்று. இரண்டே நாளில் கண்ணாடி துடைத்துவிட்டது போல வெறுமையானது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிப்ரவரி பிறந்தது. கிரிப்டோ இப்போது கையகலத்துக்கு இலை விரித்து, அடியில் ஒரு சின்னக் காடாகியிருந்தது. ஒரு சனிக்கிழமை யெனோ முக்காலியில் உட்கார்ந்து இரண்டாவது காபியைக் குடித்துக்கொண்டிருந்தார். ரசமட்டத்தைக் கொண்டுவர மறந்து மூன்று வாரமாகிறது. தொட்டியின் மூலையில் கண் பதித்திருந்த ஷரோல்டா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அங்க பாரு. அந்த இலைக்கு அடியில. மீசை இருக்கு."

"எங்க? அது மணல்."

"மணலுக்கு வால் இருக்குமா? கண்ணாடியப் போட்டுப் பாரு."

"கண்ணாடி கீழ இருக்கு."

"போய் எடுத்துட்டு வா."

"அதுக்குள்ள அது போயிடும்."

"போகாது. அதுக்கு எங்க போக இடம் இருக்கு? நீ போ, நான் பாத்துக்கிறேன்."

யெனோ முனகிக்கொண்டே எழுந்து, கோப்பையை ஸ்டாண்டின் மேல் வைத்துவிட்டுப் படி இறங்கப் போனார். ஷரோல்டா மூச்சுக்கூட மெதுவாக விட்டபடி, இலைக்கு அடியில் மணலை மோந்துகொண்டிருந்த அந்த அரிசியளவு உயிரின் மேலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.